வைத்தி ஐயாவின் அறுபத்து மூன்று சாவுகள்

ஜூலை 7, ஞாயிறு

மோட்டார் கம்பெனி வருஷா வருஷம் இலவசமாகத் தரும் டைரி இது. ஆறு மாதம் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன். நாளைக்கு யாராவது புரட்டினால் குழம்பக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நாச்சிமுத்து. பொள்ளாச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. ஞாயிறு மதியம் வரைக்கும் கடை கிடையாது, அது வைத்தி ஐயாவுக்கான நேரம்.

திருமானூர் வைத்திலிங்கம் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. படத்தைக் காட்டினால் "அட, இவரா" என்பார்கள். கதாநாயகனின் அப்பா, தலைமை ஆசிரியர், கோயில் தர்மகர்த்தா, நேர்மையான நீதிபதி. இருநூற்றுப் பதினாலு படம். வேஷம் கொஞ்சம் பெரிசாக இருந்தால் ஒன்று மட்டும் மாறாது, ஆள் செத்துப்போவார். அதுவும் பெரும்பாலும் இடைவேளைக்குள். கதாநாயகன் கோபப்பட ஒரு காரணம் வேண்டாமா?

அவருக்கு நாங்கள் ரசிகர் வட்டம் வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் எழுநூறு பேர், முகநூலில் நாலாயிரத்துச் சொச்சம். தலைவர், செயலாளர், எடுபிடி எல்லாம் நான்தான். அவர் சாவுகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எண், வேஷம், எப்படிச் செத்தார், இடைவேளைக்கு முன்பா பின்பா என்று நாலு பத்தி. அறுபத்து மூன்று ஆகியிருக்கிறது. அதில் ஐம்பத்தெட்டு முன், ஐந்து பின்.

அறுபத்து மூன்றாவதில்தான் எனக்கும் ஜெகபருக்கும் தகராறு. ஜெகபர் அலி டெம்போ ஓட்டுகிறவன், வட்டத்தில் எனக்கு அடுத்த ஆள். அந்தப் படத்தில் ஐயா கோமாவில் போகிறார், அப்புறம் படத்தில் ஆளையே காணோம். "அது சாவு இல்லண்ணா, டைரக்டர் மறந்துட்டான்" என்கிறான். கடைசியில் ஐயாவிடமே போனில் தீர்ப்புக் கேட்டோம். "எழுதிக்கோ முத்து. திரும்பி வராதவன் செத்தவன்தான்" என்றார். குரல் கம்மிக் கிடந்தது. சளி என்றார்.

எப்போது கூப்பிட்டாலும் அவர் போனில் பின்னால் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். காது மந்தம் என்பதால் டிவியை அலறவிட்டுத் தன் சாவைத் தானே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் தடவை கேட்டபோது யார் வீட்டில் சாவு என்றே விசாரித்துவிட்டேன். இப்போது பழகிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

கடையில் கூட்டம். ஆடி பிறக்கும் முன் கிணற்று மோட்டாரையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று தோட்டத்துக்காரர்களுக்குத் திடீர் ஞானம்.

ஒரு விஷயம் குறித்துவைக்க வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் ஐயா இறந்துவிட்டார் என்று ஒரு செய்தி பரவியது. நான் முந்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் பத்துக்கு எட்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டேன். மறுநாள் காலை ஐயாவே கூப்பிட்டார். "முத்து, படம் ஜம்முனு இருக்கு. என்ன ஒண்ணு, நான் இப்ப இட்லி சாப்ட்டுட்டு இருக்கேன்." எனக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அதற்குப் பிறகும் ஒரு தடவை புரளி வந்தது. அன்றைக்கும் காலையில் அவர் போன். அப்போதுதான் சொன்னார், யார் சொன்னாலும் நம்பாதே, என் போனிலிருந்து உனக்கு வரும் என்று.

அன்றிலிருந்து ஐயா விஷயத்தில் ஊர் உலகத்துக்கு நான்தான் கடைசிச் சொல். நாச்சிமுத்து சொன்னால்தான் செய்தி.

ஜூலை 10, புதன்

நாளை விடியக்காலம் ஆனைமலை போக வேண்டும். தென்னந்தோப்பு, கிணற்றிலிருந்து மோட்டார் எடுக்கிற வேலை.

ஜூலை 11, வியாழன், மதியம்

இன்றைக்கு நடந்த கூத்தை எழுதியே ஆக வேண்டும்.

ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன். மோட்டாரை மேலே இழுத்துப் போட ஒன்பதரை. போன் வண்டிப் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தால் குழுவில் முந்நூறுக்கு மேல் செய்தி. ஐயா போய்விட்டாராம். எவனோ ஒரு யூடியூப்காரன் கிளப்பியிருக்கிறான். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்று இவர்களுக்கு ஒரு பிழைப்பு.

ஆனால் காலை 6:22க்கு எனக்கு ஒரு தவறிய அழைப்பு. யாரிடமிருந்து? ஐயாவிடமிருந்து. போதாதா? முந்தைய இரண்டு தடவையும் இதே மாதிரி காலையில்தானே கூப்பிட்டார்.

பத்து மணிக்கு மேல் திருப்பிக் கூப்பிட்டேன். தோட்டத்தில் சிக்னல் சரியில்லை, பேச முடியவில்லை. அந்தத் தவறிய அழைப்பை அப்படியே படம் பிடித்துப் பதிவு போட்டேன்: "ஐயா இன்று காலை என்னை அழைத்திருக்கிறார். நலமாக உள்ளார். வதந்தியைப் பரப்ப வேண்டாம். நாச்சிமுத்து." அங்கேயே கிணற்றுமேட்டில் நின்று போட்டதுதான். ஒரு மணி நேரத்தில் இரண்டாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள். ஒரு டிவியில் கீழே ஓடிய எழுத்தைக்கூட எடுத்துவிட்டதாக ஜெகபர் சொன்னான். அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான்.

கோயம்புத்தூர் பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறவள், தனியாகச் செய்தி அனுப்பினாள். "அண்ணா, நான் வடவள்ளிலதான் இருக்கேன். ஐயா பொண்ணு வீடு பக்கம்தான். போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" வேண்டாம், வீட்டாரைத் தொந்தரவு செய்யாதே என்று பதில் போட்டேன். அந்த நேரம் ஐயா தூங்குவார்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டுக்கொள்ளலாம். என் வீட்டுக்காரி மரகதம் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். பசி இல்லை.

ஜூலை 11, சாயங்காலம்

உண்மையாம். நாலரைக்கு மின்மயானத்தில் முடிந்துவிட்டதாம்.

ஜூலை 12, வெள்ளி

கை எழுத வரவில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

நேற்று ஐந்தரைக்கு நடிகர் சங்கத்தின் இரங்கல் செய்தி வந்தது. விடியக்காலம் நாலு மணிக்கு உயிர் போயிருக்கிறது. வடவள்ளியில், மகள் வீட்டில். சினிமாவை விட்டு நாலு வருஷம் ஆகிறது. சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்களாம், பக்கத்து வீட்டுக்காரர்கள், உறவு ஜனம். எல்லாம் சேர்த்துப் பதினெட்டுப் பேர்.

நேற்றைக்கு அவர் உடம்பு அங்கே கிடந்த நேரமெல்லாம், நாலாயிரம் பேர் அவர் நலமாக இருக்கிறார் என்று என் பதிவைப் படித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

காலையிலிருந்து போன் நிற்கவில்லை. திட்டுவார்கள் என்று பார்த்தால் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். "நீங்க என்னண்ணா பண்ணுவீங்க, அவர் நம்பர்லருந்து கால் வந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க." நானும் சிக்னல் இல்லாத கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினேழு தடவை சொன்னேன்.

போன டிசம்பரில் நடந்ததை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வட்டத்தின் கூட்டத்துக்கு ஐயா பொள்ளாச்சிக்கு வந்தார். சின்ன மண்டபம். எண்ணி ஐம்பது பேர். மைக்கை வாங்கி, "சினிமாவுல என் பொணத்தைச் சுத்தி அம்பது பேர் அழுவாங்க. அத்தனையும் பேட்டாவுக்கு வந்தவங்க. நெசத்துல போறப்ப சும்மா வர்ற அம்பது பேர் வேணும், அவ்வளவுதான் என் ஆசை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து கையைத் தூக்கி, "நான் கூட்டிட்டு வர்றேனுங்கய்யா" என்றேன். கைதட்டல் எனக்குத்தான் அதிகம்.

பொள்ளாச்சியிலிருந்து வடவள்ளிக்கு ஒன்றரை மணி நேரம். பத்தரைக்குக் கிளம்பியிருந்தால் பன்னிரண்டுக்குப் போயிருக்கலாம். நூறு பேரையாவது கூட்டிப் போயிருக்கலாம்.

மரகதம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

ஜூலை 13, சனி

கடை திறந்தேன். ஒரே காயிலுக்குச் சுற்று எண்ணிக்கை மூன்று தடவை தப்பிவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஜூலை 14, ஞாயிறு

வடவள்ளிக்குப் போய் வந்தோம், நானும் ஜெகபரும், அவன் டெம்போவில். கிணத்துக்கடவு தாண்டினதும் ஒன்றே ஒன்று கேட்டான். "சிக்னல் இல்லாத எடத்துலருந்து போஸ்ட் எப்படிண்ணா போச்சு?"

"ஒரு கோடு வந்து வந்து போச்சுடா" என்றேன்.

ஐயாவின் மகள் பெயர் தமயந்தி. வங்கியில் வேலை. முன்பே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். வாசலில் ஷாமியானா அவிழ்த்த கம்பு சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றின் மேல் ஒன்றாக அஞ்சு அடுக்கு. வாடகைக் கடைக்காரர் இன்னும் எடுத்துப்போகவில்லையாம்.

கூடத்தில் ஐயா படம், மாலை, விளக்கு. படங்களில் எத்தனையோ சுவரில் இதே முகத்தை மாலையோடு பார்த்திருக்கிறோம். ஜெகபர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். செட்டுக்குள் வந்த மாதிரி எனக்கே இருந்தது, அவனுக்குக் கேட்பானேன்.

"அந்தப் போட்டோ அப்பாவே சட்டம் போட்டு வெச்சிருந்ததுதான்" என்றார் தமயந்தி. "செத்துப்போன அப்பா வேஷம்னா கம்பெனிலருந்து போட்டோ கேப்பாங்க. எதுக்கு அவங்களுக்குச் சிரமம்னு ஒண்ணு தயாரா வெச்சிருப்பாரு. அன்னைக்குத் தேட வேண்டிய வேலையே இல்ல."

டீ கொடுத்தார். குடித்தோம். ஜெகபர் வெளியே நாற்காலிகளைக் காட்டி, "நெறைய பேர் வந்தாங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டான். பாவி, அவனுக்குத் தெரியாது.

"இல்லப்பா. அப்பா சொல்லிருந்தாரு, அம்பது நாற்காலி போடு, முத்து ஆளோட வருவான்னு. போட்டோம். நாலு மணி வரைக்கும் வெச்சிருந்தோம். அதுக்கு மேல சாஸ்திரிகள் ஒத்துக்கல."

ஜெகபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அதன் பிறகு தமயந்தி என்னிடம் தனியாக ஒரு விஷயம் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூலை 15, திங்கள்

நாலு மோட்டாருக்கு வார்னிஷ் பூசிக் காயப் போட்டேன். மழைத் தூறல். உள்ளே எடுத்து வைத்தேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. எங்கள் பக்கத்து வழக்கப்படி மரகதம் தேங்காய் சுட்டாள். தின்ன முடியவில்லை.

"ஏனுங், அன்னைக்கு ஆனைமலையிலருந்து வந்தப்பவே உங்க மொகம் சரியில்லைங்" என்றாள். "போன்ல பேசுனீங்களா இல்லியா?"

"சிக்னல் இல்ல."

"நம்ம ராசு தோப்புதானுங்? அங்க இருந்து போன மாசம் அரைமணி நேரம் என்கிட்ட பேசுனீங்க. கொத்தமல்லி வாங்கியாரட்டுமான்னு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். பொய் சொன்னவன் கொத்தமல்லியை மறந்துவிட்டேன். அவள் தேங்காய் ஓட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சரி. இங்கேயாவது எழுதுகிறேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. 10:12க்குக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் பெண்கள் அழுகிற சத்தம். டிவி என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். டிவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிவியில் அழுதால் பின்னணியில் வயலின் இருக்கும். இதில் இல்லை. "முத்து அண்ணா" என்றார் தமயந்தி. அவ்வளவுதான். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வார்த்தை வருவதற்குள் போனைக் கட் செய்தேன்.

தெரிந்த பிறகுதான் பதிவு போட்டேன்.

ஏன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியவில்லை. அந்த வார்த்தையை நான் கேட்கவில்லை, நோட்டில் எழுதவில்லை, அதனால் கணக்கு அறுபத்து மூன்றுதான் என்று ஒரு மடத்தனம். எட்டு நிமிஷம் கிணற்றுமேட்டில் நின்றிருக்கிறேன். அதற்குள் குழுவில் பத்துப் பேர் "முத்தண்ணா சொல்லட்டும், அதுவரை நம்ப மாட்டோம்" என்று எழுதிவிட்டார்கள். நான் சொன்னேன். சொன்னதும் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் நானும் நம்பிவிட்டேன். வடவள்ளிப் பெண்ணை மட்டும் போகவிடவில்லை. அப்படியென்றால் முழுசாக நம்பவில்லை என்றுதானே அர்த்தம்.

ஐயா சொன்னதையும் ஒன்பதாம் தேதி நான் முழுசாக எழுதவில்லை. அவர் சொன்னது இது: "யார் சொன்னாலும் நம்பாத முத்து. நெசமாவே நான் போனா என் போன்லருந்து உனக்குத்தான் மொதல்ல வரும்." சொன்னபடியே வந்தது. 6:22க்கு.

ஞாயிற்றுக்கிழமை தமயந்தி தனியாகச் சொன்னதும் அதுதான். ஐயாவின் போனில் என் அழைப்பைக் காட்டினார். பதினாலு விநாடி.

"ஒறவுக்காரங்களுக்குக்கூடச் சொல்லல. மொதல்ல உங்களுக்குத்தான் பண்ணேன், அப்பா அப்படிச் சொல்லிருந்தாரு. நீங்க எடுக்கல. பத்து மணிக்கு நீங்களே பண்ணீங்க. நான் பேசறதுக்குள்ள கட் ஆச்சு. தாங்க முடியாம வெச்சிட்டீங்கன்னு நெனைச்சேன். அண்ணனுக்குத் தெரிஞ்சிருச்சு, இனி எல்லாருக்கும் சொல்லி ஆளோட வந்துடுவாருன்னு அதுக்கப்புறம் நான் யாருக்கும் பண்ணவே இல்ல. ராத்திரிதான் உங்க பதிவைக் காட்டினாங்க."

போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்பா உங்ககிட்ட சொல்லச் சொல்லி ஒரே ஒரு வார்த்தை இருக்கு. போன்லயே சொல்லணும்னாரு. அது இன்னும் என்கிட்டயேதான் இருக்கு."

"சொல்லுங்க அம்மணி."

"இப்ப முடியாதுண்ணா. உங்க மேல ரொம்பக் கோபமா இருக்கேன். கோபத்தோட சொல்ற வார்த்தை இல்ல அது."

ஜூலை 18, வியாழன்

ஒன்றும் இல்லை. கடை.

ஜூலை 19, வெள்ளி

குழுவில் ஐயாவின் நினைவுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உடுமலைப் பெண் ஒருத்தி, ஐயா நீதிபதியாக வந்து, தீர்ப்பு எழுதின பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு சாய்கிற காட்சியைப் போட்டு, "இந்தப் பேனா மூடியைக் கூட மறக்காமல் மூடிவிட்டுத்தான் சாவார், பாருங்கள்" என்று எழுதியிருக்கிறாள். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், அந்த மூடியை நான் கவனித்ததே இல்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நாமக்கல் லாரிக்காரர் ஒருவர், ஐயா தலைமை ஆசிரியராக வந்து பள்ளிக்கூட மணியடிக்கிற கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்து போகும் காட்சியை எழுதியிருந்தார். மணி ஒரு தடவை தானாக அடிக்கும். தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினாராம்.

கீழே எல்லாரும் எனக்கும் நாலு வரி எழுதுகிறார்கள். முத்தண்ணா மனசு எப்படி இருக்கும், அண்ணனுக்குத் தெம்பு சொல்லுங்கள் என்று. திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன்.

ஜூலை 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எழுதினால் அழகுபடுத்தப் பார்ப்பேன் என்று குரலாகவே பதிவு செய்தேன். 10:12, பதினாலு விநாடி, தெரிந்தே போட்ட பதிவு, வடவள்ளிப் பெண்ணைத் தடுத்தது, எல்லாம். 26ஆம் தேதி பதினாறாம் நாள், அன்றைக்கு வடவள்ளி வீட்டு வாசலில் ஐம்பது நாற்காலி போடப் போகிறேன், வருகிறவர்கள் வரலாம், எனக்காக வேண்டாம் என்று முடித்தேன். மரகதம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் எழுந்து போய் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

முதல் அரைமணி நேரம் ஒரு பதிலும் இல்லை. அப்புறம் வந்தது பாருங்கள். இந்தப் பக்கத்தில் எழுதக்கூடிய சொல் அதில் ஒன்றுகூட இல்லை. வடவள்ளிப் பெண் மட்டும் திட்டவில்லை. "நான் நடந்து போற தூரம்ணா" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பத்துப் பேர் விலகிவிட்டார்கள்.

ஜெகபர் நேரில் வந்தான். கடை வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"எங்க அத்தா மௌத்தானப்ப நான் சவுதியில இருந்தேன். லீவு தரல. வர முடியல. உங்களுக்குத் தெரியும்."

தெரியும். ஐயா கட்டிலில் கிடந்து மகனைக் கூப்பிட்டபடி சாகிற ஒரு படம் உண்டு, என் நோட்டில் முப்பத்தொன்று. ஜெகபர் வருஷா வருஷம் அத்தா இறந்த தேதியில் அதைப் போட்டுப் பார்ப்பான். என் அழுகையை அங்கே வைத்துத்தான் அழுதேன் என்று ஒரு தடவை சொன்னான்.

"இவரையாச்சும் பாத்திருப்பேன்" என்றான். "டெம்போ அன்னைக்குச் சும்மா நின்னுச்சு. நான் அழுதுட்டிருந்தேன், நீங்கதான் சிரிக்க வெச்சீங்க."

அவன் போய்விட்டான்.

ஜூலை 23, செவ்வாய்

தமயந்திக்கு நாற்காலி போட அனுமதி கேட்டு எழுதினேன். "போடுங்க" என்று மட்டும் பதில்.

ஜூலை 24, புதன்

இரண்டு மோட்டார் முடித்துக் கொடுத்தேன். சுற்று எண்ணிக்கை தப்பவில்லை.

ஜூலை 25, வியாழன்

நாளைக்கு வருகிறேன் என்று ஏழு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஏழு பேருக்கு ஐம்பது நாற்காலி. மரகதத்தையும் சேர்த்தால் எட்டு. அவள் பட்டுச் சேலை வேண்டாம், பருத்தி போதும் என்று எடுத்து வைத்துவிட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

வடவள்ளிக்கு ஏழு மணிக்கே போய்விட்டோம். நாற்காலிகளை நானே இறக்கி வாசலில் வரிசையாகப் போட்டேன். பத்து வரிசை, வரிசைக்கு அஞ்சு. உள்ளே காரியம் நடந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டேன்.

எட்டரை வரைக்கும் எட்டுப் பேர்தான். வெள்ளை வெளேரென்று மற்றதெல்லாம் காலி. அன்றைக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று பார்த்தேன். பார்க்க வேண்டியதுதான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒன்பது மணி சுமாருக்குத் தெருமுனையில் டெம்போ சத்தம். எனக்கு அந்த ஹாரன் தெரியும். பின்னால் இருபது பேருக்கு மேல் நின்றுகொண்டு வந்தார்கள். ஜெகபர் இறங்கி என்னைத் தாண்டிப் போய், எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் சுவரோரம் நின்றான். நின்றான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உடுமலைப் பெண் வந்தாள், நாமக்கல்காரர் லாரியோடு வந்து தெருவை அடைத்தார். வடவள்ளிப் பெண் நடந்து வந்தாள், கையில் பூ. என்னைக் குழுவில் திட்டினவர்கள் பலரும் வந்தார்கள். எதிரில் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாற்காலி போதாமல் சிலர் நின்றார்கள். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.

காரியம் முடிந்து தமயந்தி வெளியே வந்தார். யாரும் பேச வேண்டும் என்று ஏற்பாடு இல்லை. லாரிக்காரர்தான் ஆரம்பித்தார். அந்தப் பள்ளிக்கூட மணியைச் சொன்னார். உடுமலைப் பெண் பேனா மூடியைச் சொன்னாள். "அந்தப் பேனா அவரோடதுதாங்க, வீட்ல இருக்கு" என்றார் தமயந்தி. உள்ளே போய் எடுத்து வந்தார். கைக்குக் கை மாறி எல்லா வரிசைக்கும் போனது. ஒவ்வொருத்தரும் மூடியைத் திறந்து, மூடிப் பார்த்தார்கள்.

ஜெகபர் அத்தாவைப் பற்றிச் சொன்னான். பாதியில் நின்றுவிட்டான். முன்வரிசையில் ஒருவர் எழுந்து அவனை உட்காரவைத்தார்.

கிளம்புகிற நேரத்தில் நான் தமயந்தியிடம் போய் நோட்டைக் கொடுத்தேன். அறுபத்து மூன்று வரி. இது உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றேன். புரட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் சிரித்தார், ஐயா தென்னை மரத்திலிருந்து விழுந்து செத்த பக்கமாக இருக்கும். நோட்டை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னும் முடியலயே" என்றார்.

ஜூலை 27, சனி

காலை 6:22. கடைச் சாவியை எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் ஐயா பெயர்.

மரகதம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எடுங்" என்றாள்.

எடுத்தேன்.

"முத்து அண்ணா, தமயந்தி பேசறேன்."

"சொல்லுங்க அம்மணி."

"அப்பா உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு." பின்னால் டிவி சத்தம் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. "அறுபத்து நாலுன்னு சொல்லு, அவனுக்குப் புரியும்னாரு."

புரிந்தது. சரிங்க அம்மணி என்றேனா, ஐயா என்றேனா, நினைவில்லை. அவர் வைக்கிற வரைக்கும் நான் வைக்கவில்லை. மரகதம் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது, சின்னப் பிள்ளை மாதிரி.

அப்புறம் முகம் கழுவிக்கொண்டு நோட்டை எடுத்தேன். எண், அறுபத்து நாலு. வேஷம், வைத்திலிங்கம். எப்படி என்ற பத்தியில், தூக்கத்தில், மகள் வீட்டில். கடைசிப் பத்தியில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுபத்தெட்டு வயது. ஒரு படத்திலாவது கிளைமாக்ஸ் வரைக்கும் விடுகிறார்களா பார் என்று எத்தனை தடவை புலம்பியிருப்பார்.

இடைவேளைக்குப் பின் என்று எழுதினேன்.